வீட்டுக்குள் வைக்கும் சிறிய சக்குலண்ட் செடிகள் ஏன் அழுகுகின்றன? எந்த வகை வளர்க்க எளிது?

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். சக்குலண்ட் செடி தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைத்திருக்கும். பல வகைகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்துதான் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். அதனால் நீர் இழப்பு மிகக் குறைவு. வேரைச் சுற்றி ஈரம் தங்கிக்கொண்டே இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகல் தொடங்கிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை என்று நாள் குறித்து ஊற்றாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளேயும் நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். துளையில்லாத கண்ணாடிக் கிண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மண்ணில் பாதியளவு பெருமணலோ பெர்லைட்டோ (எடை குறைந்த வெண்ணிற எரிமலைக் கல் துகள்) கலந்திருக்கட்டும்.

வகை என்று கேட்டால், ஹவொர்தியாவைத்தான் முதலில் சொல்வேன். தென்னாப்பிரிக்கச் செடி, அங்கே புதர்களின் நிழலில் வளர்ந்து பழகியதால் ஜன்னலோர வெளிச்சமே போதும். பெரிதாக வளர்ந்து இடத்தை அடைக்கவும் செய்யாது. காஸ்டீரியாவும் அப்படியே. எச்செவேரியா ரோஜாப்பூ போல அழகுதான், ஆனால் வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நீண்டு இலைகள் விலகிவிடும். நீண்ட தண்டு மறுபடி குறுகாது. தலைப்பகுதியை வெட்டி, வெட்டிய இடம் சில நாள் உலர்ந்தபின் நட்டால் புதிதாக வேர்விடும்.