பற்று, வரவு: யார் ஏட்டில் யார் பக்கம்?

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடனுக்குச் சரக்கு எடுப்பவர் பெயரில் பற்று எழுதுவேன்; பணம் கட்டினால் வரவு. வங்கியில் பணம் போட்டால் பாஸ்புக்கிலும் வரவு என்றே விழுகிறது. ஆடிட்டர் ஆபீஸில் மட்டும் அதே பணத்தை வங்கிக் கணக்கில் பற்று வைக்கிறார்கள். எது சரி?

பதில்: மூன்றும் சரிதான். ‘வரவு’ என்ற சொல்லுக்கு இரண்டு ஜோடி இருப்பதால் வரும் குழப்பம் இது.

‘வரவு செலவு’ என்றால் வந்ததும் சென்றதும். சங்கப் பாடல்களில் செலவு என்பது பயணம். ‘நல்வரவு’ என்கிறபோது வரவு இன்றும் வருகைதான். இந்த ஜோடி உங்கள் கையிலிருக்கும் பணத்தைப் பற்றிப் பேசுகிறது.

‘பற்று வரவு’ அப்படியல்ல. அது ஓர் ஆளின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவது. அவர் நம்மிடமிருந்து பற்றிக்கொண்டது, அதாவது எடுத்துக்கொண்டது, பற்று. கடைப் பேச்சில் ‘பத்து எழுதிக்கோ’ என்கிறோமே, அது இதுதான். அவரிடமிருந்து நமக்கு வந்தது வரவு. இலங்கையில் ரசீதைப் பற்றுச்சீட்டு என்பார்கள். பணத்தைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சீட்டு. பற்று, வரவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் டெபிட், கிரெடிட் என்பவற்றின் லத்தீன் வேர்கள் கடன்பட்டிருப்பதையும் நம்புவதையும் குறிப்பவை. தமிழ்ச் சொற்கள் நடந்த காரியத்தையே சொல்கின்றன. கற்பதற்கு இவையே எளிது என்பேன்.

இப்போது வங்கிக்கு வாருங்கள். 10,000 ரூபாய் கட்டுகிறீர்கள். உங்கள் பேரேட்டில் வங்கிக்கென ஒரு பக்கம் உண்டு. பணத்தை எடுத்துக்கொண்டது வங்கி, ஆகவே பற்று. வங்கியின் ஏட்டில் உங்களுக்கென ஒரு பக்கம் உண்டு. பணம் உங்களிடமிருந்து வந்தது, ஆகவே வரவு. பாஸ்புக் என்பது வங்கி ஏட்டின் நகல். அதில் உள்ளதை அப்படியே உங்கள் பேரேட்டில் இறக்கினால் பக்கம் மாறிவிடும். ரொக்கக் கணக்குக்கும் இதே வழிதான்: கல்லாப்பெட்டியை ஓர் ஆளாக நினையுங்கள். பெட்டிக்குள் போனது பெட்டியின் பற்று.

பக்கம் மாறினால் பிழை இரட்டிப்பாகும். ஒருவர் 1,850 ரூபாய்க்குச் சரக்கெடுத்து 1,000 கட்டினால் பாக்கி 850. அந்த 1,000 தவறிப்போய்ப் பற்றில் விழுந்தால் பாக்கி 2,850 ஆகிவிடும்; வித்தியாசம் 2,000. ஆகவே இருப்பாய்வு, அதாவது எல்லாப் பக்கங்களின் பற்றும் வரவும் சமமா என்று கூட்டிப் பார்ப்பது, இடிக்கும்போது, வித்தியாசத்தை முதலில் இரண்டால் வகுத்து, அந்தத் தொகை எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். வங்கிப் பக்கம், ரொக்கப் பக்கம் இரண்டிலுமே தலைகீழாக எழுதியிருந்தால் இருப்பாய்வு நேராகவே நிற்கும், பிழை தெரியாது. மாதக் கடைசியில் பாஸ்புக்கோடு ஒப்பிட்டால் அது வெளிப்படும்.

பாஸ்புக் இருப்பே பற்று என்று காட்டினால், போட்டதற்கு மேல் எடுத்திருக்கிறீர்கள். நீங்கள்தான் வங்கிக்குத் தர வேண்டும்.