பழைய பேக்கப்பை அழிக்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: பேக்கப் வைத்திருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. பழைய தேதி உள்ள ஃபோல்டர்களை அப்படியே டெலீட் செய்யலாமா சார்?

பதில்: நீங்களே காப்பி செய்து வைத்த ஃபோல்டர்கள் என்றால் செய்யலாம். மென்பொருள் எடுத்த பேக்கப் என்றால் கை வைக்காதீர்கள். பல மென்பொருள்கள் முதலில் ஒரு முழு பேக்கப் எடுக்கும். அப்புறம் ஒவ்வொரு முறையும் மாறியதை மட்டும் சேர்க்கும். இதற்கு இன்கிரிமென்டல் என்று பெயர். ஞாயிறு எடுத்தது முழுசு, திங்கள் முதல் வெள்ளி வரை மாற்றங்கள் மட்டும் என்று வையுங்கள். பழசுதானே என்று ஞாயிறை அழித்தால் மற்ற ஐந்தும் வீண். நடுவில் புதனை அழித்தால் வியாழனும் வெள்ளியும் போயின. டிஃபரன்ஷியல் என்று இன்னொரு வகை உண்டு; முழு பேக்கப்புக்குப் பிறகு மாறிய எல்லாவற்றையும் அது ஒவ்வொரு முறையும் சேர்த்து எடுக்கும். அதில் முழு பேக்கப்பும் கடைசி ஒன்றும் இருந்தால் போதும். உங்களுடையது எந்த வகை என்று குழம்ப வேண்டாம். பேக்கப் எடுத்த மென்பொருளைத் திறந்து, அதன் வழியாகவே நீக்குங்கள். எதை எதோடு சேர்த்து அழிக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியும்.

கேள்வி: புதிய பேக்கப் ‘வெற்றி’ என்று காட்டுகிறது. அதை நம்பிப் பழசை அழிக்கலாமா?

பதில்: அந்தச் செய்தி மட்டும் போதாது. புதிய பேக்கப்பிலிருந்து நாலைந்து ஃபைல்களை வேறொரு ஃபோல்டருக்கு மீட்டு, திறந்து பாருங்கள். ஒரு படம், ஒரு பெரிய வீடியோ, அடிக்கடி மாறும் ஒரு கணக்கு ஃபைல் இருக்கட்டும். பாஸ்வேர்டு போட்ட பேக்கப் என்றால் அது நினைவிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், இதைச் செய்யாமல் யாரும் எதையும் அழிக்கவே கூடாது. இன்னொன்று: நீங்கள் எப்போதோ தவறுதலாக நீக்கிய ஃபைல் புதியதில் இருக்காது, பழசில் மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: விண்டோஸிலேயே உள்ள ஃபைல் ஹிஸ்டரி என்ற பேக்கப் வசதியில் பழைய பதிப்புகளை எப்படி நீக்குவது?

பதில்: கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி, அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பிறகு க்ளீன் அப் வெர்ஷன்ஸ். எவ்வளவு காலத்துக்கு முந்தையவை போக வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஃபைலின் கடைசிப் பதிப்பை அது விட்டுவைக்கும்.

கேள்வி: மேக்கில் உள்ள பேக்கப் வசதியான டைம் மெஷினின் டிஸ்க் நிறைந்துவிட்டது.

பதில்: இடம் தீர்ந்தால் மிகப் பழையதை அதுவே நீக்கிக்கொள்ளும். ட்ராஷுக்கு இழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: ‘விண்டோஸ்.ஓல்ட்’ ஃபோல்டர் பல ஜிபி பிடிக்கிறது.

பதில்: விண்டோஸை மேம்படுத்தியபோது மிஞ்சிய பழைய பதிப்பு அது. வழக்கமாக 10 நாளில் தானாகப் போய்விடும். அதற்கு முன்பே நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அவசரமென்றால் ஸ்டோரேஜ் செட்டிங்ஸில் டெம்பரரி ஃபைல்ஸ் பகுதியில் நீக்குங்கள்.

கேள்வி: எல்லாம் கிளவுடில் சிங்க் ஆகிறது. பேக்கப் எதற்கு?

பதில்: சிங்க் ஆகும் ஃபோல்டரில் ஒரு ஃபைலை அழித்தால் கிளவுடிலும் மற்ற கருவிகளிலும் அது அழியும். ட்ராஷில் சில காலம் இருக்கலாம், அவ்வளவுதான். அதை நம்பி உங்களிடம் உள்ள ஒரே பேக்கப்பை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: டெலீட் செய்தும் இடம் கூடவில்லையே?

பதில்: அந்த டிஸ்க்கை இணைத்தபடியே ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள்.

கேள்வி: பழைய பேக்கப் டிஸ்க்கை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறேன்.

பதில்: டெலீட்டும் குயிக் ஃபார்மேட்டும் போதாது, தரவை மீட்டுவிடலாம். ஹார்ட் டிஸ்க் என்றால் விண்டோஸில் குயிக் ஃபார்மேட் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யுங்கள்; விஸ்டா காலம் முதல் அது டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் செக்யூர் இரேஸ் கருவியைப் பயன்படுத்துங்கள்.