மூடிய மலைத்தடத்தைத் திறக்க முதலில் சர்வே எண்ணைத் தேடுங்கள்

கேள்வி: மணிமுத்தாறு பக்கம் மலையடிவார மண்தடம் ஒன்றில் நாங்கள் சில நண்பர்கள் மவுண்டன் பைக் ஓட்டிவந்தோம். 2023 டிசம்பர் பெருமழையில் தடம் அரித்துப்போனது. பிறகு குறுக்கே பள்ளம் வெட்டி, அனுமதி இல்லை என்று பலகை வைத்துவிட்டார்கள். மனு கொடுத்தும் பதில் இல்லை. ஆர்ப்பாட்டம் நடத்தினால் திறப்பார்களா? – கல்லிடைக்குறிச்சி வாசகர்

பதில்: ஆர்ப்பாட்டத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், தம்பி. அந்தத் தடம் யாருடைய நிலத்தில் ஓடுகிறது என்று தெரியாமல் கொடுத்த மனு, சம்பந்தமில்லாத அலுவலகத்தில் கிடக்கவே வாய்ப்பு அதிகம்.

நம் மலையடிவாரத்தில் ஒரே தடம் பல கைகளில் இருக்கும். கொஞ்சம் பட்டா, கொஞ்சம் புறம்போக்கு, கால்வாய்க் கரை என்றால் நீர்வளத் துறை, மேலே ஏறினால் காப்புக்காடு. போனில் பதிவான தடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொண்டுபோய் கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டு, சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டில், வண்டிப்பாதை என்று இருக்கும் துண்டுதான் உங்கள் பெரிய பலம். அதற்குத் தாசில்தாரைப் பாருங்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து, ரசீதை வாங்கி வையுங்கள்.

காட்டுக்குள் போகும் துண்டுக்கு விஷயமே வேறு. உங்கள் பக்கத்து மலைக்காடான களக்காடு முண்டந்துறை 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 28-ஆவது பிரிவில் சுற்றுலாவுக்கு அனுமதி தர இடமுண்டு. ஆனால் அந்த அதிகாரம் முதன்மை வன உயிரினக் காப்பாளருடையது, வனச்சரகருடையது அல்ல. உங்கள் தடம் புலிகள் காப்பகத்தின் மையப்பகுதிக்குள் விழுந்தால், அந்தத் துண்டை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். காட்டுக்கு வெளியே மாற்றுத்தடம் கேளுங்கள்.

அடுத்தது தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். “ஏன் மூடினீர்கள்?” என்று கேட்காதீர்கள், காரணம் கேட்கும் கேள்வியைத் தட்டிக்கழிப்பது சுலபம். மூடிய உத்தரவின் நகல், கள ஆய்வு அறிக்கையின் நகல், அந்த சர்வே எண்ணின் வகைப்பாடு என்று ஆவணங்களாகக் கேளுங்கள். உத்தரவே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் உங்களுக்குப் பயன்படும்.

மழை அரிப்புதான் காரணம் என்று தெரிந்தால், சரிசெய்யும் திட்டத்தோடு போங்கள். பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் கோட்டைவிடுகின்றன. திறந்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டால், அடுத்த ஐப்பசி மழைக்கு மறுபடி அரிக்காதா என்பார் அதிகாரி. அதற்குப் பதில் உங்கள் கையில் இருக்கவேண்டும். சரிவில் நேராக இறங்கும் தடம் மழையில் வாய்க்காலாகிவிடும். தடத்தின் சரிவு அந்த மலைச்சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது, சராசரி 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது மலைத்தடம் அமைப்பவர்கள் உலகெங்கும் கைக்கொள்ளும் கணக்கு. தடத்தின் வெளிவிளிம்பைச் சுமார் 5 சதவீதம் தாழ்த்தினால் தண்ணீர் தடத்தோடு ஓடாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். இறக்கத்தின் நடுவே ஆங்காங்கே சிறு ஏற்றம் வைத்தால் ஓட்டம் உடைந்து மண் நிற்கும். அரித்த இடங்களைப் படமெடுத்து, எங்கே திருப்புவது, எங்கே கல் பதிப்பது என்று ஒரு வரைபடத்தில் குறித்து மனுவோடு இணையுங்கள். அனுமதி கிடைக்கும்வரை மண்வெட்டியைத் தொடாதீர்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றி மண் வெட்டினால் வழக்கு வரும்.

விலங்குகளைப் பற்றிய அச்சமும் நியாயமானது. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் ஊர்களுக்குள்ளேயே கரடியும் சிறுத்தையும் வருகின்றன. சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாக வருவதால், வளைவில் கரடியின் முன்னால் போய் நிற்பீர்கள். விடியலிலும் அந்தியிலும் ஓட்டமாட்டோம், மணி கட்டுவோம், மழைக்குப் பிறகு மண் காயும்வரை ஓட்டமாட்டோம், காட்டுத்தீ காலத்தில் நாங்களே தடத்தை மூடுவோம், போகும் ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் எழுதுவோம் என்று எழுதிக் கொடுங்கள். வனவரையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் நேரில் பாருங்கள். ஏதாவது நடந்தால் முதலில் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள் மறுத்தால் மேலதிகாரி கையெழுத்துப் போடத் தயங்குவார்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் காப்பகத்துக்குள் அத்தனை கூட்டமும் நிபந்தனைகளோடு போய்வருகிறதே என்று சிலர் வாதாடுவார்கள். அது தலைமுறைகளாக வந்த வழிபாடு. சைக்கிளுக்கு அந்த உரிமை கோரமுடியாது. குறிப்பிட்ட நாட்கள், பிளாஸ்டிக் தடை என்று அங்கே கடைப்பிடிக்கும் முறையை மட்டும் முன்மாதிரியாகக் காட்டலாம்.

அடுத்த கிராமசபைக்குள் ஊர்க்காரர்களிடம் பேசுங்கள். ஆடு மேய்ப்பவர்களும் விவசாயிகளும் அந்தத் தடத்தில் நடந்தவர்களாக இருப்பார்கள். அவர்களும் சேர்ந்து போடும் தீர்மானத்துக்கு நூறு இணையக் கையெழுத்தைவிட மதிப்பு அதிகம். இதற்கிடையே யாராவது பள்ளத்தைத் தாண்டி ஓட்டி, படத்தையோ தடப்பதிவையோ செயலியில் ஏற்றினால், அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். பழைய பதிவுகளையும் இன்றே பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.