காரபினர் வாங்கும்போது எந்த எண்ணைப் பார்ப்பது?

கேள்வி: பெங்களூரில் ஓர் உள்ளரங்கச் சுவரில் சில மாதங்களாகப் பாறையேற்றம் பழகி வருகிறேன். குளிர்காலத்தில் நண்பர்களுடன் பாதாமிக்குப் போகிறேன். சொந்தமாகக் காரபினர் (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கி வளையம்) வாங்கக் கடைக்குச் சென்றபோது 24, 8, 7 என்று எண்கள் பொறித்த அலுமினியக் காரபினரையும், அதைவிட மலிவான, 40 என்று பொறித்த எஃகுக் காரபினரையும் காட்டினார்கள். எண் பெரிதாக இருப்பதுதானே பாதுகாப்பு? எத்தனை வாங்க வேண்டும்?
- வாசகர், ஓசூர்

பதில்: அந்த 40-ஐ நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். எண்கள் கிலோ நியூட்டனில் தரப்படுகின்றன. ஒரு கிலோ நியூட்டன் என்பது ஏறக்குறைய 102 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். முதல் எண், கேட் (திறந்து மூடும் பகுதி) மூடியிருக்க நீளவாட்டில் இழுத்தால் தாங்கும் விசை. இரண்டாவது, குறுக்காக இழுத்தால். மூன்றாவது, கேட் திறந்திருக்கும்போது. பாறையேற்றத்துக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 12275, சாதாரணக் காரபினருக்குக் குறைந்தது 20, 7, 7 இருக்க வேண்டும் என்கிறது.

கேட் மூடி, நேராகத் தொங்கும் நல்ல காரபினர் ஒருவர் விழுவதால் உடைவது மிக அரிது. ஆபத்து மூன்றாவது எண்ணில்தான் இருக்கிறது. விழும்போது மேலேயுள்ள காரபினரை ஏறுபவரின் பக்கம் மட்டுமல்ல, கீழே கயிற்றைப் பிடித்திருப்பவரின் பக்கமும் சேர்ந்து இழுக்கிறது. அதே நொடியில் பாறை விளிம்பு கேட்டை உள்ளே தள்ளினாலோ, கயிறு வேகமாக ஓடும் அதிர்வில் கேட் படபடத்துத் திறந்தாலோ, 24 தாங்க வேண்டியது 7-தான் தாங்கும். கடுமையான வீழ்ச்சி அந்த அளவை நெருங்கக்கூடும். ஆகவே மூன்றாவது எண் 7-க்குப் பதில் 9 அல்லது 10 உள்ள காரபினர் கிடைத்தால் முதல் எண் சற்றுக் குறைவானாலும் அதையே எடுப்பேன். கம்பிக் கேட் எடை குறைந்தது என்பதால் படபடப்பும் குறைவு. மூக்கில், அதாவது கேட் வந்து மூடும் முனையில், கொக்கி இல்லாமல் வழுவழுப்பாக முடியும் வகையும் நல்லது. கொக்கி மூக்கு, பாறையில் பொருத்திய போல்ட் தகட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டு தொங்கினால், தாங்கும் விசை மூன்றாவது எண்ணுக்கும் கீழே இறங்கிவிடும்.

எஃகுக்கும் வேலை உண்டு. ஒரே நங்கூரத்தில் (கயிற்றைப் பாறையில் நிலைநிறுத்தும் இடத்தில்) நாள் முழுக்கப் பலர் மேல்கயிற்றில், அதாவது மேலே மாட்டிய கயிற்றில், ஏறும்போது அது அலுமினியத்தைவிட மெதுவாகத் தேயும். இடுப்பில் சுமந்து ஏற அது வேண்டாம்; எடை கொல்லும். கடையில் காட்டியது தொழிற்சாலைப் பணிக்கான இ.என். 362 தரத்தில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம், பொறிப்பைப் பாருங்கள்.

இப்போதைக்கு மூன்று பூட்டுக் காரபினர்கள் போதும். ஒன்று பிலே கருவிக்கு (கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து நிறுத்த உதவுவது): பேரிக்காய் வடிவம், வட்டத்துக்குள் ஆங்கில 'எச்' எழுத்து பொறித்தது. உள்ளே சிறு கம்பித் தடுப்பு இருந்தால் காரபினர் சுழன்று குறுக்குச் சுமை விழாது. மற்ற இரண்டும் நங்கூரத்தில் உங்களைக் கட்டிக்கொள்ள. சிறிய டி வடிவம் போதும். பாதாமி மணற்பாறை ஊர். தானாகப் பூட்டும் உறையில் மணல் புகுந்தால் சிக்கும் என்பதால் நான் திருகுப்பூட்டையே பரிந்துரைப்பேன். ஆனால் அதைத் திருகுவது உங்கள் பொறுப்பு: பூட்டியபின் ஒவ்வொரு முறையும் கேட்டை விரலால் அழுத்திப் பாருங்கள்.

முன்னேறி ஏறத் தொடங்கும்வரை, அதாவது கயிற்றைக் கீழிருந்து கொண்டுபோய் நீங்களே போல்ட்களில் மாட்டி ஏறும்வரை, குயிக்டிரா (நாடாவால் இணைத்த இரு காரபினர்கள்) வாங்கவேண்டாம், நண்பர்களுடையது போதும். பிறகு வாங்கும்போது, போல்ட்டில் மாட்டும் முனையையும் கயிறு ஓடும் முனையையும் ஒருபோதும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். போல்ட் தகடு காரபினரில் கீறும் சிறு பிசிர்கள் கயிற்றின் உறையைக் கிழித்துவிடும்.

கடையில் கையில் எடுத்து, ஒரே கையால் கயிற்றை மாட்டிப் பாருங்கள். விரல் தடித்தவர்களுக்குச் சிறிய காரபினர் தொல்லைதான். கேட் தானாகத் திரும்பி முழுதாக மூட வேண்டும். தரக் குறியும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாததைத் தொடவேண்டாம். சாவிக்கொத்துக் காரபினரும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். யாரோ பயன்படுத்தியதை, எவ்வளவு மலிவானாலும், வாங்காதீர்கள். அதன் வரலாறு உங்களுக்குத் தெரியாது.

பாதாமியிலிருந்து திரும்பியதும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கேட்டைத் திறந்து மூடி அலசுங்கள், நன்றாக உலர்த்துங்கள், கீலில் உலர் மசகு ஒரு துளி விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கயிறு ஓடும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தாலோ, அதன் ஓரம் நகத்தில் கூராகத் தட்டுப்பட்டாலோ, அந்தக் காரபினரை இனி ஏறுவதற்குப் பயன்படுத்தக் கூடாது.