மோதலைக் கவனிக்க வேண்டியது யார்?

கேள்வி: பைத்தான் மொழியில், விளையாட்டுகளை உருவாக்க உதவும் பைகேம் என்ற நிரல் தொகுப்பின் துணையுடன் ஒரு சிறு விளையாட்டை எழுதி வருகிறேன். வீரன், எதிரி, குண்டு, நாணயம், சுவர் என்று ஐந்து கிளாஸ்கள் (ஒவ்வொரு வகைப் பொருளுக்குமான நிரல் வார்ப்புகள்) உள்ளன. தன்மீது எது மோதியிருக்கிறது என்று பார்க்கும் மெத்தட் (கிளாஸுக்குள் எழுதப்படும் செயல்முறை) ஒன்று ஒவ்வொரு கிளாஸிலும் இருக்கிறது. எதிரி தொட்டால் ஓர் உயிர் குறைய வேண்டும். ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் எல்லா உயிர்களும் போய்விடுகின்றன. குண்டு பட்ட எதிரியைப் பட்டியலிலிருந்து நீக்கும்போது, அடுத்துள்ள எதிரி சில வேளைகளில் அடிபடாமல் தப்பிவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: இரண்டு பொருள்களுக்கு இடையே நடக்கும் ஒரு நிகழ்வை அவற்றுள் ஒன்றின் கிளாஸுக்குள் அடைக்க முயன்றதுதான் முதல் கோளாறின் வேர். வீரனும் எதிரியும் தொட்டுக்கொள்வதை வீரனின் மெத்தட் ஒரு முறை கண்டுகொள்கிறது. அதே ஃபிரேமில், அதாவது திரை ஒரு முறை வரையப்படும் அதே சுற்றில், எதிரியின் மெத்தட்டும் கண்டுகொள்கிறது. ஒரே மோதலுக்கு இரண்டு உயிர்கள் குறைந்துவிடுகின்றன. போதாததற்கு, தொடுதல் ஒரு ஃபிரேமோடு முடிந்துவிடுவதும் இல்லை. நொடிக்கு 60 ஃபிரேம்கள் ஓடும் விளையாட்டில் எதிரி அரை நொடி உரசிக்கொண்டு நின்றால், உங்கள் நிரல் அதை 30 ஃபிரேம்களிலும் புதிய மோதலாகவே எண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக உயிரைக் கழிக்கும்.

ஆகவே மோதலைக் கண்டறியும் பொறுப்பை, எல்லாப் பொருள்களையும் தன்னிடம் வைத்திருக்கும் விளையாட்டு உலகத்துக்கான கிளாஸிடம் ஒப்படையுங்கள். அது அனைத்தையும் நகர்த்தி முடித்த பிறகு, ஒவ்வொரு ஜோடியையும் ஒரே ஒரு முறை சோதித்து, மோதல் இருந்தால் அந்த ஜோடிக்குரிய விதியைச் செயல்படுத்தட்டும். வீரனின் கிளாஸில் ‘அடிபடு’ என்ற ஒரு மெத்தட் இருந்தால் போதும். அது ஓர் உயிரைக் குறைத்து, அடுத்த ஒரு நொடிக்கு வேறெந்த அடியும் படாத நிலையில் வீரனை வைக்கும். எதிரி என்று ஒன்று இருப்பதே அந்தக் கிளாஸுக்குத் தெரிய வேண்டியதில்லை. நாளை மின்வேலி என்று ஆறாவது கிளாஸைச் சேர்த்தாலும், உலகத்தின் விதிகளில் ஒரு வரி கூடுமே தவிர, பழைய ஐந்து கிளாஸ்களையும் திறந்து திருத்த நேராது.

மோதலை ஜோடியின் பண்பாகப் பார்ப்பது புதிய சிந்தனை அன்று. 1977-இல் வெளிவந்த அடாரி 2600 என்ற வீடியோ விளையாட்டுக் கருவியின் வரைகலைச் சில்லு, திரையில் தோன்றும் ஆறு வகை உருவங்களில் எந்த இரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன என்பதை 15 பிட்டுகளில் (0 அல்லது 1 என்ற குறிகளில்) குறித்து வைத்தது. ஆறு உருவங்களிலிருந்து அமையக்கூடிய ஜோடிகள் சரியாக 15. உருவத்துக்கு ஒன்று என்றில்லாமல் ஜோடிக்கு ஒன்று என்று பிட்டை ஒதுக்கிய அந்த வடிவமைப்பு, எனக்கு இன்றும் மிக அழகானதாகத் தோன்றுகிறது.

ஜோடிகள் பெருகுமே என்ற கவலை இப்போதைக்கு வேண்டாம். 100 பொருள்கள் இருந்தாலும் 4,950 ஜோடிகள்தாம். நாணயத்தையும் சுவரையும் போல ஒன்றையொன்று பொருட்படுத்தாதவற்றை ஒதுக்கிவிட்டால் அதிலும் பெரும்பகுதி குறைந்துவிடும்.

தப்பிவிடும் எதிரியின் கதை வேறு. பட்டியலைச் சுற்றி வரும்போதே அதன் மூன்றாவது உறுப்பை நீக்கினால், நான்காவது உறுப்பு மூன்றாம் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. சுழலோ அடுத்து நான்காம் இடத்துக்குச் செல்கிறது. அதனால் அந்த எதிரி சோதிக்கப்படாமலே விடுபடுகிறது. மோதலின்போது ‘இறந்தது’ என்ற குறியை மட்டும் இடுங்கள். எல்லாச் சோதனைகளும் முடிந்தபின், குறியில்லாதவற்றைக் கொண்டு புதிய பட்டியலை உருவாக்குங்கள்.

கேள்வி: குண்டின் வேகத்தைக் கூட்டினால் அது சுவரை ஊடுருவிச் சென்றுவிடுகிறது. சோதனை நிபந்தனை சரியாகவே இருக்கிறது.

பதில்: நிபந்தனை சரிதான், அது சோதிக்கப்படும் கணங்களுக்கு இடையில் குண்டு சுவரைக் கடந்துவிடுகிறது. நொடிக்கு 1,200 பிக்சல் செல்லும் குண்டு, 60 ஃபிரேம் வேகத்தில், ஒரு ஃபிரேமுக்கு 20 பிக்சல் தாவுகிறது. குண்டின் நீளம் 4, சுவரின் தடிமன் 8 என்றால், இரண்டும் சேர்ந்த 12 பிக்சல் இடைவெளிக்குள் அது நின்றால்தான் மோதல் தெரியும். நகர்வை இரண்டு 10 பிக்சல் அடிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடிக்குப் பின்னும் சோதியுங்கள். அடியின் அளவு அந்தக் கூட்டுத்தொகையைவிடச் சிறியதாக இருக்கும்வரை குண்டு தப்ப முடியாது. மெதுவான கணினியில் 30 ஃபிரேம்களாகக் குறைந்தால் தாவல் 40 பிக்சலாகிவிடும் என்பதால், அடிகளின் எண்ணிக்கையை நிலையாக எழுதிவைக்காமல் அவ்வப்போதைய நகர்வைக் கொண்டு கணக்கிடுவது நல்லது.

கேள்வி: சுவரோரமாக நகரும் வீரன் திடீரென்று அதன் மூலைக்குத் தாவிவிடுகிறான். இடப்பக்கம் செல்லும்போது வேகமும் கூடுவதுபோல் தெரிகிறது.

பதில்: கிடைத் திசையிலும் செங்குத்துத் திசையிலும் ஒன்றாக நகர்த்திவிட்டுச் சோதித்தால், எந்தப் பக்கத்தில் மோதினான் என்பதை நிரல் ஊகிக்க வேண்டியிருக்கும், மூலையில் அந்த ஊகம் பொய்த்துவிடும். முதலில் கிடையாக மட்டும் நகர்த்திச் சோதியுங்கள். வலப்பக்கம் சென்று மோதியிருந்தால், வீரனின் வலது விளிம்பைச் சுவரின் இடது விளிம்போடு பொருத்துங்கள். அதன் பிறகே செங்குத்தாக நகர்த்தி அவ்வாறே செய்யுங்கள்.

வேக வேறுபாட்டுக்குக் காரணம், பொருளின் இடத்தையும் அளவையும் குறிக்கும் பைகேமின் செவ்வகமான ரெக்ட் முழு எண்களையே வைத்திருப்பது. 10-ஆம் பிக்சலில் நிற்பவனை அரை பிக்சல் வலப்பக்கம் நகர்த்தினால் 10.5 மீண்டும் 10 ஆகிவிடும். இடப்பக்கம் நகர்த்தினால் 9.5 என்பது 9 ஆகி, ஒரு முழு பிக்சல் நகர்ந்துவிடும். உண்மையான இடத்தைத் தசம எண்ணாகத் தனி மாறிகளில் வைத்து, ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் முழு எண்ணாக்கி ரெக்ட்டுக்குக் கொடுங்கள். சுவரில் மோதி வீரனைத் திருத்தி நிறுத்தும்போது, அந்த மாறிகளையும் உடனே திருத்த மறவாதீர்கள்.