"உனக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்பதற்கு முன்

கேள்வி: வீட்டில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள்கூட ஏன் மனச்சோர்வில் விழுகிறார்கள், சிலர் தற்கொலை வரை போகிறார்கள்? உண்மையான காரணம் என்ன?

இதே கேள்வியை எனக்கு 19 வயது இருக்கும்போது அப்பா என் அறை வாசலில் நின்றுகொண்டு கேட்டார். "உனக்கு என்ன குறைச்சல்?" திட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். படிப்பு, துணிமணி, தனி அறை, அடிக்காத அப்பா, நல்ல அம்மா, எல்லாம் இருந்தது. குறைச்சல் ஒன்றுமே இல்லை. அப்படியானால் கோளாறு என்னிடம்தான் என்று அன்றைக்கு முடிவுகட்டிக்கொண்டேன். அந்த முடிவிலிருந்து வெளியே வர எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது, அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "உண்மையான காரணம்" என்று ஒருமையில் கேட்பதை விட்டுவிடலாம். ஒரு மரணம் நடந்தால் மறுநாள் செய்தியில் மதிப்பெண் குறைந்ததால், காதல் தோல்வியால், செல்போனைப் பிடுங்கியதால் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதெல்லாம் கடைசியாக நடந்தவை. அதே மதிப்பெண் லட்சம் பேருக்குக் குறைகிறது, அழுகிறார்கள், நாலு நாள் சாப்பிடாமல் இருக்கிறார்கள், அப்புறம் எழுந்துவிடுகிறார்கள். கரை உடைந்த இடத்தில் கூடி நின்று பார்க்கிறோமே தவிர, ஏரி எத்தனை நாளாக நிரம்பிக்கொண்டிருந்தது, மதகு எப்போது அடைபட்டது என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொரு குழப்பம் சொல்லில். நாம் மன அழுத்தம், மனச்சோர்வு இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். தேர்வு நெருங்கும்போது வருவது அழுத்தம், தேர்வு முடிந்தால் போய்விடும். மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன், அப்படிப் போகாது. குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி அது கூடவே இருக்கும். துக்கமான முகத்தோடுதான் வர வேண்டும் என்றும் இல்லை. வளரிளம் பருவத்தில் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலாகவே வெளிப்படலாம் என்று மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் வரையறையிலேயே இருக்கிறது. எனக்கு அப்படித்தான். நான் அழவே இல்லை. கதவை அறைந்து சாத்தினேன், நண்பர்களின் செய்திகளுக்குப் பதில் போடுவதை நிறுத்தினேன், மூன்று நாள் குளிக்காமல் இருந்தேன், விடியற்காலை நான்கு மணிக்குத் தூங்கி மதியம் எழுந்தேன். வீட்டில் அதற்கு வைத்த பெயர் திமிர்.

சரி, ஏரி எப்படி நிரம்புகிறது?

ஒரு பங்கு பிறப்போடு வருவது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி மனச்சோர்வு வரும் வாய்ப்பில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டில் 30 முதல் 40 சதவீதம் வரை மரபணு சார்ந்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்திருந்தால் நமக்கும் வாய்ப்பு கூடும், ஆனால் வந்தே தீரும் என்று பொருள் இல்லை. அடுத்தது வயது. மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. உணர்ச்சிகளைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் முன்னதாகவே வேகம் எடுத்துவிடுகின்றன, "பொறு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்ல வேண்டிய மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. ஒரு வாரம் கழித்து இந்த வலி குறையும் என்பது நாற்பது வயதுக்காரருக்குச் சொல்லாமலே தெரியும், பதினாறு வயதுக்கு அது வெறும் வார்த்தை. பருவமடைந்த பிறகு பெண்களிடம் மனச்சோர்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது. ஆனால் பெரும்பாலான நாடுகளில் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்கள்தான் அதிகம். அவர்களிடம் மனச்சோர்வு கோபமாக, குடியாக, ஆபத்தான வேகமாக வெளியே தெரிகிறது, அதனால் யாரும் அதை நோய் என்று பார்ப்பதில்லை.

இங்கே ஒரு இடைச்செருகல். "மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்" என்று ஒரு மருத்துவர் எனக்கும் சொன்னார். அன்றைக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எளிய கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-ல் வந்த ஒரு பெரிய மறுஆய்வு சொன்னது. மருந்து உதவுகிறதா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

வளர்ந்த விதம் இன்னொரு பெரிய பங்கு. அமெரிக்காவில் 9,500-க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவ அனுபவங்களைக் கேட்டு 1998-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அடி, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் குடி, அம்மா அடிவாங்குவதைப் பார்ப்பது, வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்று எண்ணினார்கள். இப்படி நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகை அனுபவங்கள் இருந்தவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களைவிட மனச்சோர்வு, குடி, போதை, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. கவனிக்க வேண்டியது, அந்தப் பட்டியலில் கையால் அடிப்பது மட்டும் இல்லை. திரும்பத் திரும்ப மட்டம் தட்டுவதும், அவமானப்படுத்துவதும் அதில் உண்டு. "நாங்க கை நீட்டினதே இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில் வார்த்தையால் என்ன நடந்தது என்று பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். பள்ளியில் கேலியும் கொடுமையும் இதோடு சேரும். தன்பாலீர்ப்பு கொண்ட, இருபாலீர்ப்பு கொண்ட இளைஞர்களைப் பற்றி 2009-ல் வந்த ஆய்வில், குடும்பம் கடுமையாக நிராகரித்தவர்கள் அப்படி நிராகரிக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். அவர்களுடைய ஈர்ப்பு இல்லை, வீட்டில் கிடைத்த வரவேற்புதான் அந்த வித்தியாசம்.

செல்போன்? எல்லாரும் எதிர்பார்க்கும் வில்லன். 2019-ல் லட்சக்கணக்கான வளரிளம் பருவத்தினரின் தரவுகளை அலசியவர்கள், திரை நேரத்தால் விளக்க முடிந்தது மனநலனில் உள்ள வேறுபாட்டில் 0.4 சதவீதம் போலத்தான் என்றார்கள். இதை மறுப்பவர்களும் உண்டு, சண்டை இன்னும் ஓயவில்லை. என் அபிப்பிராயம், எத்தனை மணி நேரம் என்பதைவிட எதைத் திருடுகிறது என்று பார்க்க வேண்டும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை, போன் முதலில் கைவைப்பது அதில்தான். முன்பெல்லாம் பள்ளி விட்டால் கேலியும் அன்றைக்கு முடிந்தது, இப்போது அது போர்வைக்குள் வரை வருகிறது.

இதுவரை சொன்னது மனச்சோர்வுக்கு. மனச்சோர்வு உள்ள பெரும்பாலானவர்கள் தற்கொலை செய்துகொள்வதில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்க சுமார் 7 லட்சத்து 27 ஆயிரம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், 15 முதல் 29 வயதுக்குள் இறப்பவர்களின் காரணங்களில் அது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. ஒருவரை அந்த எல்லைக்குத் தள்ளுவது எது என்று விளக்க முயன்றவர்களில் தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் சொன்னது எனக்கு அப்படியே பொருந்தியது. இரண்டு எண்ணங்கள் சேர வேண்டும் என்கிறார். ஒன்று, நான் யாருக்கும் உரியவன் இல்லை, எங்கேயும் ஒட்டவில்லை என்பது. இன்னொன்று, நான் எல்லாருக்கும் பாரம், நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி என்பது. (வலிக்கும் ஆபத்துக்கும் பழகி அச்சம் விட்டுப்போவதை மூன்றாவதாகச் சொல்வார்.)

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த இரண்டாவது எண்ணத்தில்தான் இருக்கிறது. "எந்தக் குறையும் இல்லாத" வீட்டில் அந்தப் பாரம் குறையாது, பல நேரம் கூடுகிறது. "உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படுகிறோம்" என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் நோயில் கிடக்கும் மனம் அதைக் கடன் கணக்காக எழுதி வைத்துக்கொள்கிறது. கட்டிய ஒவ்வொரு கட்டணமும், அம்மா விழித்திருந்த ஒவ்வொரு இரவும் அதில் வட்டியோடு ஏறும். வசதி குறைவான வீட்டுப் பிள்ளைக்குக் காரணம் சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறது (அங்கே கடனும் பசியும் தனியாகக் கொல்கின்றன, அதைக் குறைத்துச் சொல்லவில்லை). எனக்கு அதுவும் இல்லை. வலிக்க எனக்கு உரிமையே இல்லை என்று நினைத்தேன். உரிமை இல்லாத வலியை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவில்லை. மதகு அடைபட்டது அப்போதுதான்.

ஆபத்தைக் கூட்டும் மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒருமுறை முயன்றிருப்பது மிக வலுவான அறிகுறிகளில் ஒன்று, "சும்மா பயமுறுத்தினான்" என்று அதை ஒதுக்கக் கூடாது. குடி, போதை. நெருங்கியவர் ஒருவர் அண்மையில் தற்கொலையால் இறந்திருப்பது. அவமானம், பிரிவு. ஆபத்தான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. இந்தக் கடைசி விஷயத்தை மக்கள் நம்புவதில்லை, "முடிவெடுத்தவன் எப்படியும் செய்வான்" என்பார்கள். அது தவறு. அமெரிக்காவில் முயற்சியின்போது தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைத் தேடிப்போய் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். அந்த உந்துதல் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தைத் தாண்டவைக்க அந்தப் பொருட்களை வீட்டிலிருந்து அகற்றுவதோ பூட்டி வைப்பதோ உண்மையாகவே உயிரைக் காப்பாற்றும்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டியலை வைத்து உங்கள் பிள்ளைக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று கணிக்க முடியாது. 50 வருடத்தில் நடந்த 365 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் ஒரு குழு எழுதியது: இந்தக் காரணிகளை வைத்துச் செய்யும் கணிப்பு நாணயம் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். அப்படியானால் என்ன செய்வது? கேட்க வேண்டும். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, ஆய்வுகள் பல முறை சோதித்தும் அப்படி நடப்பதாகத் தெரியவில்லை. கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். அறிவுரை, ஒப்பீடு, "உன் வயசுல நாங்க" எதுவும் வேண்டாம்.

அப்புறம் சிகிச்சை. தைராய்டு, இரத்தசோகை போன்றவையும் இதே சோர்வைத் தரும், அதனால் முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை. 2004-ல் 439 வளரிளம் பருவத்தினரிடம் நடந்த சோதனையில், 12 வாரத்தில் ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும் உளவியல் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். மருந்து மட்டும் 61, உளவியல் சிகிச்சை மட்டும் 43, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை 35. அதே ஆண்டுதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த வகை மருந்துகளால் சிறு வயதினர் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று எச்சரிக்கை போடச் சொன்னது, பின்னர் 2007-ல் அதை 24 வயது வரை நீட்டித்தது. இரண்டும் உண்மை. மருந்தைப் பார்த்துப் பயந்து ஓடவும் வேண்டாம், வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கவும் வேண்டாம். முதல் சில வாரம் கூடவே இருந்து கவனியுங்கள், மருத்துவரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தாதீர்கள். எனக்கு முதலில் கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டாவது ஒத்துக்கொண்டது. உளவியல் சிகிச்சைக்கு ஒன்றரை வருடம் போனேன், அதில் முதல் மாதம் முழுக்க எரிச்சல்தான்.

இந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை உங்களுக்காகவே என்றால், இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் உங்கள் நாட்டில் இருக்கும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில், இப்போதே ஆபத்து என்று தோன்றினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவில். முழுக் கதையையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் அந்தக் கேள்வியை நேராகக் கேட்டது அக்கா. நான் சொன்னது மூன்றே சொல், "ஆமா, தோணுது அக்கா." மீதியெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வாங்கியதுதான்.