வாத்து எச்சத்தைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. "ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பிள்ளை, குளத்தங்கரையில் வாத்து எச்சம் பொறுக்கிக்கொண்டு திரிகிறாள்" என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். அவள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எச்சத்தைக் கழுவிச் சலித்து, கிடைத்த விதைகளைத் தட்டில் ஈரமண்ணில் தூவியிருக்கிறாள். ஏழெட்டுக் கோரை முளைத்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டார்வினும் இது மாதிரிதான் செய்தார். குளத்துச் சேற்றில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து ஆறு மாதம் மூடிவைத்து, முளைத்ததையெல்லாம் பிடுங்கி எண்ணினார்: 537 செடிகள். பறவையின் காலில் ஒட்டும் சேற்றோடு விதை குளம் விட்டுக் குளம் போகும் என்றார். வயிற்றுக்குள் போய் எச்சத்தோடு விழும் விதைகளே அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பொடியான, ஓடு கெட்டியான விதைகள் அரைபடாமல் தப்பிவிடும். ஆனால் பெரும்பாலானவை ஒரு நாளுக்குள் வெளியே வந்துவிடும். அதனால் இமயம் தாண்டி நெல்லைப் பக்கத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் வரித்தலை வாத்து, இமயத்துக்கு அப்பாலிருந்தே விதை கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது; பக்கத்துக் குளத்து விதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முளைத்தது வேறு, வேர்பிடித்து நின்றது வேறு. தட்டில் போட்டிக்குச் செடி இல்லை, மேய மாடு இல்லை. குளத்தில் தண்ணீர் ஏறினால் நாற்று மூழ்கும், சட்டென்று வற்றினால் காயும். நின்றதா என்று சொல்ல ஒரே இடத்தை வருடக்கணக்கில் எண்ண வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர்கள் குறைவு. உங்கள் மகளிடம் அது தெரிகிறது.

பி.எஸ்சி. தாவரவியலோ விலங்கியலோ சேருங்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் நல்ல வழி. பிறகு மயிலாடுதுறை பக்கத்து மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்சி. உண்டு. அதற்குப் பின் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். இந்திய வனப் பணித் தேர்வுக்கு அந்த பி.எஸ்சி. பட்டமே போதும். மறைக்காமல் சொல்கிறேன்: முதல் சில வருடங்கள் ஒப்பந்த வேலையாகவே இருக்கும், சம்பளம் குறைவு. புள்ளியியல் தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். அதை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

எச்சத்தைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், பறவைக் காய்ச்சல் பயம் உண்டு. சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கவும் கூடாது. அந்தத் தட்டுக்கு மட்டும் தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுங்கள், அம்மா.